மீன் தொட்டி பச்சையானால்: நல்ல தண்ணிக்கு ஒரு வழி, உப்புத் தண்ணிக்கு வேறு வழி

மீன் தொட்டித் தண்ணீர் பச்சைப் பசேல் என்று மாறிவிட்டது என்று சொல்லி எந்த மீன் கடைக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் கிடைக்கும். "ஏனுங்ணா, இந்தப் பாட்டில்ல பத்துச் சொட்டு விடுங்க, ரெண்டு நாள்ல பளிச்சுனு ஆயிரும்." பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீரை மொத்தமாக மாற்றச் சொல்வார். யூடியூபில் ஒருவர் யுவி விளக்கு வாங்கச் சொல்வார், இன்னொருவர் நாலு நாள் போர்வை போட்டு மூடச் சொல்வார். இந்த நாலும் ஏதோ ஒரு வீட்டில் பலித்திருக்கும், இன்னொரு வீட்டில் சொதப்பியிருக்கும். எது உங்கள் வீட்டுக்குச் சரிப்படும் என்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்களில் அடங்கிவிடுகிறது. ஒன்று, தொட்டியில் ஊற்றுவது ஆற்றிலிருந்து குழாயில் வரும் நல்ல தண்ணியா, போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) வரும் உப்புத் தண்ணியா. இன்னொன்று, எந்த மாதத்தில் எந்த ஜன்னல் வழியாகத் தொட்டிமேல் வெயில் விழுகிறது.

முதலில், வந்திருப்பது பச்சைத் தண்ணீர்தானா என்று பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு வெள்ளைத்தாள் முன்னால் பிடியுங்கள். பச்சை தெரிந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. பால் கலந்த மாதிரி வெள்ளையாகக் கலங்கியிருந்தால் அது பாக்டீரியா. புதுத் தொட்டியில் சகஜம், தீனியைக் குறைத்துவிட்டுச் சும்மா விட்டால் தானாகத் தெளியும். டம்ளரில் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, பச்சை கண்ணாடியிலும் கல்லிலும்தான் ஒட்டியிருக்கிறது என்றால் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். நீலப்பச்சை நிறத்தில் வழவழவென்று படலம் படர்ந்து, எடுத்தால் தோல்போல உரிந்து, கெட்ட வாடை வந்தால் அது பாசியே இல்லை. சயனோபாக்டீரியா. அதற்கு வைத்தியமும் வேறு.

பச்சைத் தண்ணீரில் இருப்பது ஒற்றைச் செல் பாசி. ஒவ்வொன்றும் சில மைக்ரான் அளவுதான் என்பதால் சாதாரண ஸ்பாஞ்ச் பில்டரில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிடும். அதனால் 'பெரிய பில்டர் போட்டுப் பாருங்க' என்ற யோசனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வெளிச்சமும் சத்தும் கிடைத்தால் இந்தப் பாசி ஒன்றிரண்டு நாளில் இரட்டிப்பாகிவிடும். பகலில் மீனுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ளும், ஆக்சிஜனும் விடும். ஆபத்து விடியற்காலையில்தான். இரவு முழுக்கப் பாசியும் மீனும் சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் நிற்கும். 30 டிகிரிக்கு வந்தால் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சித்திரை வெயிலில் இரவும் தொட்டி சூடாகவே இருக்கும். காலை ஐந்து மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மற்ற வேலையெல்லாம் அப்புறம், முதலில் ஏர் பம்பைப் போடுங்கள்.

உங்கள் குழாயில் வருவது எது?

கோவையில் சிறுவாணி, பில்லூர்த் தண்ணீர், பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு, ஈரோட்டில் காவிரி. இவையெல்லாம் மலையிலும் ஆற்றிலும் இருந்து வரும் நல்ல தண்ணி. உப்புக் குறைவு, குளோரின் போட்டு வரும். அதிலும் சிறுவாணி மென்மையான தண்ணீர். போரில் வருவது உப்புத் தண்ணி. ஆழம் போகப் போகக் கடினத்தன்மை ஏறும் என்பது கொங்கு நாட்டில் போர் போட்டவர்களுக்குத் தெரியும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பரவாயில்லை. இதைவிட முக்கியமான எண், பாசிக்குத் தீனியாகும் நைட்ரேட். அதன் வரம்பு 45 மில்லிகிராம். உரம் போடும் தோட்டமோ கோழிப்பண்ணையோ செப்டிக் டேங்க்கோ பக்கத்தில் இருக்கிற கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மீன் கடைகளில் விற்கும் சொட்டுப் பரிசோதனை கிட்டும் இந்த வேலைக்குப் போதும். லாரித் தண்ணீர் வாங்குபவர்கள் பாடு திண்டாட்டம். இந்த வாரம் ஒரு கிணறு, அடுத்த வாரம் வேறு கிணறு.

தண்ணீர் மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். பாதித் தண்ணீரை மாற்றினால் பாதிப் பாசி போகும். ஒன்றிரண்டு நாளில் மிச்சமிருப்பது இரட்டித்துப் பழைய நிலைக்கு வந்துவிடும். தினமும் வாளி தூக்கினாலும் பாசி பின்னாலேயே ஓடிவரும். நல்ல தண்ணி வீட்டிலாவது ஒவ்வொரு மாற்றத்திலும் நைட்ரேட் குறைகிறது என்ற லாபம் உண்டு. போர் தண்ணீரில் 40 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால், எத்தனை வாளி ஊற்றினாலும் தொட்டி நாற்பதுக்குக் கீழே இறங்கப் போவதில்லை. பாசிக்குப் புதுத் தீனி போட்டதாகத்தான் ஆகும். முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லையெல்லாம் கழுவி, பில்டரையும் குழாயடியில் பிழிந்து வைப்பதுதான் இருக்கிற வழிகளிலேயே மோசமானது. பில்டரில் குடியிருந்த நல்ல பாக்டீரியா போய்விடும், அம்மோனியா ஏறும், அடுத்த வாரமே மறுபடி பச்சை.

போர்வையா, யுவி விளக்கா?

உண்மையில் தேர்வு செய்ய வேண்டியது இந்த இரண்டில் ஒன்றைத்தான்.

போர்வை வழிக்குச் செலவே இல்லை. தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, சென்னிமலைக் கெட்டிப் போர்வை இரண்டை மடித்து நாலு பக்கமும் மேலேயும் ஒரு கீற்று வெளிச்சம்கூட நுழையாதபடி மூட வேண்டும். ஏர் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும். தீனி கிடையாது. வளர்ந்த மீன் நாலு நாள் பட்டினி தாங்கும், குஞ்சுகள் தாங்காது. மூன்று அல்லது நாலு நாள் கழித்துத் திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். செத்த பாசி அழுகி அம்மோனியாவாக மாறுகிறது. அந்த அம்மோனியா எவ்வளவு விஷம் என்பது, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவைப் பொறுத்தது. பிஎச் 7-ல் இருந்து 8-க்கு ஏறினால், மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. மென்மையான நல்ல தண்ணியில் பிஎச் ஏழை ஒட்டி இருந்தால் ஒரு நாள் தாமதமானாலும் மீன் பிழைத்துக்கொள்ளும். போர் தண்ணீர்த் தொட்டியில் பிஎச் எட்டைத் தொட்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. திறந்த கையோடு மாற்றியாக வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாள் பேப்பரில் வரும். அதைப் பார்த்துவிட்டுப் போர்வையை மூடுங்கள். இருட்டில் பாசி செத்துக்கொண்டிருக்கும்போது ஏர் பம்ப் ஏழெட்டு மணி நேரம் நின்றால் தொட்டியில் ஆக்சிஜன் மிஞ்சாது. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தால் நிம்மதி.

யுவி விளக்கு வேறு விதமாக வேலை செய்கிறது. 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிரைப் பாசி கடக்கும்போது அதன் டிஎன்ஏ கெட்டுப்போகிறது, பிறகு பெருக முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாகும் என்பதால் அம்மோனியா ஒரேயடியாக எகிறாது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தண்ணீர் தெளிந்துவிடும். பில்டர் பஞ்சில் ஒட்டி வாழும் நல்ல பாக்டீரியாவுக்கும் பாதிப்பில்லை, விளக்கு வழியாக மிதந்து போகிறவைதான் சாகும். அதே காரணத்தால் கண்ணாடியில் ஒட்டிய பாசியை இது ஒன்றும் செய்யாது. இதைச் சொல்லாமல் விற்றுவிட்டு, பிறகு வாங்கியவர் கடையில் போய்ச் சண்டை போடுவது நடக்கிறது.

விலை ஆயிரத்தைத் தாண்டும், நல்லதாகப் பார்த்தால் இன்னும் மேலே போகும். கரண்டுச் செலவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 9 வாட் விளக்கு நாள் முழுக்க ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 13 யூனிட்தான் வரும். 50 முதல் 150 லிட்டர் வரையுள்ள தொட்டிக்கு 5 வாட்டிலிருந்து 9 வாட் போதும், தண்ணீர் மெதுவாக ஓடினால் சரி. வேகமாக ஓடினால் கதிர் படும் நேரம் குறைந்துபோகும். பல்பு எரிந்துகொண்டே இருந்தாலும் சுமார் 8,000 மணி நேரத்துக்குப் பிறகு கதிரின் வீரியம் இறங்கிவிடும். இடைவிடாமல் ஓட்டினால் வருடம் ஒரு பல்பு. எரியும் பல்பை நேராகப் பார்க்கக் கூடாது, கண் கெடும். மீனுக்கு மருந்து விட்டிருக்கும் நாட்களில் அணைத்து வைக்க வேண்டும், சில மருந்துகளை இந்தக் கதிர் சிதைத்துவிடும்.

போர் தண்ணீர் வீட்டுக்காரர்களுக்கு யுவியில் ஒரு தொல்லை உண்டு. பல்பைச் சுற்றி இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாயில், கெய்சர் காயிலில் படிவதுபோலவே வெள்ளையாகக் காறை படியும். காறை படிந்தால் கதிர் வெளியே வராது. விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் பச்சையாகவே இருக்கிறது என்று குழம்புவோம். மாதம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழாயைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் துடைத்துக் கழுவி மாட்டினால் பிரச்சினை இல்லை. சிறுவாணித் தண்ணீர் வீட்டில் இந்த வேலை அரிதாகத்தான் வரும்.

பாட்டில் மருந்தும் மயில்துத்தமும்

கடையில் விற்கும் பாசி மருந்துகளில் பலவற்றில் செம்பு இருக்கிறது. வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள். இறால், நத்தை வளர்ப்பவர்கள் செம்பு என்ற சொல்லைப் பார்த்ததும் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடலாம், மிகக் குறைந்த அளவே அவற்றைக் கொன்றுவிடும். மீன் மட்டும் இருக்கிற தொட்டி என்றாலும் செம்பின் குணம் தண்ணீருக்குத் தகுந்தபடி மாறுகிறது. மென்மையான தண்ணீரில் அது மீனையே தாக்கும். கடினமான, காரத்தன்மை மிகுந்த தண்ணீரில் கார்பனேட்டோடு சேர்ந்து படிந்துபோய்ப் பாசியைக்கூட ஒழுங்காகக் கொல்லாது. சிறுவாணி வீட்டில் ஆபத்து, போர் வீட்டில் பாதி வீண். கோவையில் இருப்பவரும் பல்லடத்தில் இருப்பவரும் ஒரே பாட்டிலைப் பற்றி நேர் எதிராகப் பேசினால் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

தோட்டத்துச் சாளை வீட்டில் மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட், இருக்கும். தென்னைக் குருத்தழுகலுக்குச் சுண்ணாம்போடு சேர்த்து போர்டோ கலவை போட வாங்கி வைத்தது. அதில் ஒரு சிட்டிகையைத் தொட்டியில் போடலாமே என்று தோன்றும். கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். குளத்தில் மீன் வளர்ப்பவர்கள் பின்பற்றும் பொது விதிப்படி, காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மயில்துத்தம் போடவே கூடாது. அதற்கு மேல் இருந்தால் காரத்தன்மையை நூறால் வகுத்து வருவதுதான் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற அளவு. காரத்தன்மை 200 உள்ள போர் தண்ணீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 50 லிட்டர் நிற்கும். மொத்தம் 100 மில்லிகிராம், ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. விரலில் எடுக்கும் சிட்டிகை அதைவிடப் பல மடங்கு இருக்கும். நகைக்கடைத் தராசு இல்லாமல் இந்த விளையாட்டு வேண்டாம். தராசு இருந்தாலும் வீட்டுத் தொட்டிக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

படிகாரம் செம்பு அளவுக்கு மோசமில்லை. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கும் அதே வித்தைதான், பாசி ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படியும், பில்டரிலும் சிக்கும். ஆனால் படிகாரம் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுவிடும். மென்மையான தண்ணீரில் பிஎச் சரிந்து, அலுமினியம் மீனின் செவுளைத் தாக்கும். போர் தண்ணீரில் அந்தப் பயம் குறைவு. அங்கேயும் பாசி சாவதில்லை, திரண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அன்றே பஞ்சை அலசி அடியில் படிந்ததை உறிஞ்சி எடுக்காவிட்டால் செய்தது வீண்.

பாசி தின்னும் மீன் என்று விற்பவை

"டேங்க் கிளீனர் ஒண்ணு போடுங்க" என்பது தண்ணீர் பச்சையானவர்களுக்குச் சொல்லும் யோசனைகளிலேயே எனக்கு எரிச்சலானது. அந்த மீன் கண்ணாடியைச் சப்பும், மிதக்கும் பாசியைத் தொடக்கூட முடியாது. ஓரடிக்கு மேல் வளர்ந்து, ஏகப்பட்ட கழிவு போட்டு, பாசிக்கு உரம்தான் சேர்க்கும். பெரிதானதும் நொய்யலிலோ ஏதாவது குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்க மீன், நம் ஊர் நீர்நிலைகளில் இப்போதே பெருகி வலையைக் கிழிக்கிறது. தயவுசெய்து விடாதீர்கள்.

மிதக்கும் பாசியை உண்மையில் தின்பது டாப்னியா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சி. மீன் இருக்கிற தொட்டியில் அது பத்து நிமிடம் தாங்காது. மீனை வேறு வாளிக்கு மாற்றிவிட்டு டாப்னியாவை விட்டால் தண்ணீரைத் தெளிய வைத்துவிடும், பிறகு அதுவே மீனுக்குத் தீனி.

செடிகள் மெதுவாக வேலை செய்பவை, ஆனால் நிலைத்த பலன் தருபவை. ஹார்ன்வொர்ட், ஆகாயத்தாமரை போன்றவை பாசி தின்னும் சத்தையே போட்டி போட்டு எடுத்துக்கொள்ளும். கோவைக் குளங்களை ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கிறதே, சாக்கடைச் சத்தை அவை உறிஞ்சும் வேகத்துக்கு அதுவே சாட்சி. மணி பிளான்ட் கொடியின் வேரை மட்டும் தொட்டியில் தொங்கவிட்டு இலையை வெளியே படரவிட்டாலும் நைட்ரேட் இறங்கும். கோல்ட் பிஷ் வேரைக் கடித்துப் பிய்க்கும், அதற்கு ஒரு சின்னக் கூடை வேண்டும்.

சரி, எந்த வீட்டுக்கு எது?

எந்த வழியானாலும் முன்னால் வெயிலைக் கவனித்துவிடுங்கள். ஆடியில் நிழலாக இருந்த இடத்தில் மார்கழியில் வெயில் விழலாம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் கூடத்துக்குள் நீளமாக வரும். சித்திரையில் உச்சிக்கு வந்துவிடுவதால் மதியத்தில் தெற்கு ஜன்னல் தப்பிக்கும், கிழக்கும் மேற்கும் மாட்டிக்கொள்ளும். தொட்டியை நகர்த்த முடியாவிட்டால் அந்தப் பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்புச் சார்ட் ஒட்டுங்கள். தொட்டி விளக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். டைமர் பிளக் மாட்டிவிட்டால் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குத்தான்.

சிறுவாணியோ பில்லூரோ வருகிற வீட்டில் யுவிக்குக் காசு போடும் முன் போர்வையைப் போட்டுப் பாருங்கள். குளோரின் போவதற்குத் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தோ ஆன்டி குளோரின் சொட்டு விட்டோ மாற்றினால், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். பாட்டில் மருந்து வேண்டாம். போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டில், நைட்ரேட் அதிகம் என்று தெரிந்தால் யுவிதான் என் தேர்வு, கூடவே மணி பிளான்ட். போர்வை அங்கேயும் ஒரு தடவைக்குப் பலிக்கும், ஆனால் சத்து அப்படியே இருப்பதால் வெளிச்சம் கிடைத்ததும் பாசி திரும்ப வரும். மாற்றும் தண்ணீரில் பாதிக்குப் பாதி ஆர்ஓ கேன் தண்ணீரைக் கலந்தால் நைட்ரேட்டும் காறையும் ஒருசேர இறங்கும். ஒரே நாளில் முழுக்க மாற்றாமல், வாரம் கால்வாசி என்று பழக்குங்கள். கப்பி, மோலி வளர்ப்பவர்கள் அந்த அளவுக்குக்கூடக் கவலைப்பட வேண்டியதில்லை, அவற்றுக்கு உப்புத் தண்ணி பிடிக்கும்.

வாசலிலோ மாடியிலோ சிமென்ட் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னைக் கேட்டால், ஒன்றும் செய்யாதீர்கள் என்பேன். மீனை மேலிருந்து பார்க்கிற தொட்டி அது. குஞ்சு வளர்க்கிறவர்கள் பச்சைத் தண்ணீரை வேண்டுமென்றே வளர்ப்பார்கள், அதில் பெருகும் நுண்ணுயிர்தான் குஞ்சுகளுக்கு முதல் தீனி. பாதிக்கு நிழல் வலை கட்டி, இரவில் ஏர் பம்ப் ஓடவிட்டால் போதும். அடியில் சேரும் கசடை அள்ளும்போது வரும் பச்சைத் தண்ணீரை, உப்போ மருந்தோ போடாமல் இருந்தால், கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள்.